புதுப்பிப்பு: வெளிநாட்டுச் சிகிச்சையும் தரச்சான்றும்

அம்மாவின் மூட்டு மாற்று அறுவைக்கு வெளிநாட்டில் மருத்துவமனை தேடியபோது, ஜேசிஐ (பல நாட்டு மருத்துவமனைகளின் தரத்தை ஆய்வு செய்து சான்று தரும் அமெரிக்க அமைப்பு) தரச்சான்று இருந்தால் போதுமா என்று கேட்டிருந்தேன். இப்போது இடம் முடிவாகிவிட்டது.

சான்று 3 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதுவும் குழுமம் முழுமைக்கும் கிடையாது, அந்தந்த மருத்துவமனைக்குத்தான். ஓரிடத்தில் விளம்பரத்தில் போட்டிருந்த முத்திரை வேறொரு கிளையுடையது! ஜேசிஐ இணையதளப் பட்டியலில் முகவரியை ஒப்பிட்டபோது தெரிந்தது. நோயாளியிடம் இப்படிச் செய்வது பெரிய தவறு.

அப்புறம், தேர்ந்தெடுத்த இடத்தில் ரத்தம் எடுக்கும் முன் அம்மாவிடம் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டு, கைப்பட்டையோடு சரிபார்த்தார்கள். அறை எண்ணை அடையாளமாகக் கொள்ளக் கூடாது என்பது ஜேசிஐ விதி.

அறுவைக்குப் பின் எத்தனை பேருக்குத் தொற்று வருகிறது என்பதைத் தனியாக எழுதிக் கேளுங்கள். சான்றிதழில் அது இருக்காது.