விடுதிச் சாப்பாட்டுக் கழிவு நாறுகிறது, என்ன செய்யலாம்?

விடுதி மாணவி: எங்கள் கல்லூரி விடுதியில் 400 பேர். மிஞ்சும் சோற்றையும் சாம்பாரையும் மெஸ்ஸின் பின்னால் குழியில் கொட்டி உரமாக்கப் பார்த்தோம். பத்தே நாளில் நாற்றம். சமையல்கார அண்ணன் எங்களைக் கண்டாலே கரண்டியை ஓங்குகிறார்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்: சோற்றில் ஈரம் அதிகம், காற்று புகாது, அதனால்தான் நாற்றம். ஒரு கூடைக் கழிவுக்கு இரண்டு மூன்று கூடைச் சருகு போட்டு, வாரம் ஒருமுறை கிளறுங்கள் அம்மா. சருகைத் தோட்டக்காரர் கொளுத்துகிறாரா? முதலில் அவருடைய தீப்பெட்டியை வாங்கி வையுங்கள்.

வேறொரு விடுதியின் மெஸ் செயலாளர்: கழிவை நொதிக்க வைத்துச் சமையல் எரிவாயு எடுக்கும் கலனும் வைக்கலாம். தொடக்கத்தில் மாட்டுச் சாணக் கரைசல் ஊற்ற வேண்டும். எலுமிச்சைத் தோலைக் கொட்டாதீர்கள். எங்கள் கலன் புளித்து ஒரு மாதம் படுத்துவிட்டது.

விடுதி மாணவி: சருகு போட்டோம் ஐயா, நாற்றம் குறைந்திருக்கிறது. தீப்பெட்டி என் மேசையில். தோட்டக்காரர் லைட்டர் வாங்கிவிட்டார்.