புதுப்பிப்பு: புல்தரைக்குத் தூவ எந்த உரம் எடுத்தேன்

போன மாசம் கேட்டிருந்தேன்: கோவை வீட்டு முன்னாடி 400 சதுர அடி பெர்முடா புல், மேலே தூவ தொழு உரமா, மண்புழு உரமா?

மலிவுன்னு தொழு உரத்துக்குத்தான் மனசு போச்சு. நல்லவேளை, நீங்க சொன்னபடி ரெண்டு கைப்பிடியை நனைச்சு பாலித்தீன் பையில கட்டி வெச்சேன். மூணாம் நாள் பிரிச்சா மூக்கைத் துளைக்கிற அம்மோனியா நெடி. மக்கவே இல்லை. இன்னொரு பிடியைத் தட்டுல பரப்பித் தண்ணி தெளிச்சதுல, பத்தே நாள்ல களை. அதுல ஒண்ணு கோரை! அது புகுந்தா கிழங்கு கிழங்கா தோண்டிட்டே இருக்கணும்.

மண்புழு உரத்துல வெறும் மண்வாசனைதான். விலை கடிச்சது, பரவாயில்லை. கால் அங்குலச் சல்லடையில சலிச்சு, புல்லை ஒட்ட வெட்டிட்டு, 6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தூவினேன். சுமார் 220 லிட்டர் பிடிச்சது. புல் நுனி வெளிய தெரியற வரைக்கும் விளக்குமாத்தால தள்ளிவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்ன கண்ணு, புல்லைப் புதைக்கறியா?"ன்னாங்க.

மூணு வாரம் ஆச்சு, பச்சை பிடிச்சிருக்கு. கேட் ஓரப் பள்ளம் மட்டும் அப்படியேதான். அங்க மணல் கலந்து இன்னொரு தடவை போடணும்.