பினாமினாலஜியில் ஆய்வு: இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

கேள்வி – விளிம்பு
தத்துவத்தில் முதுகலை முடிக்கப் போகிறேன். அனுபவம் நமக்கு எப்படித் தோன்றுகிறது என்று ஆராயும் பினாமினாலஜியையும், அதைத் தொடங்கிய தத்துவவாதி ஹுஸ்ஸர்லையும் படித்ததிலிருந்து வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். "படித்து என்ன ஆகப் போகிறாய்?" என்று வீட்டில் கேட்டால் பதில் இல்லை. துறையில் இருப்பவர்கள் பூசி மெழுகாமல் சொல்லுங்கள். ஜெர்மன் தெரியாது, பரவாயில்லையா?

பதில் – பழைய வாத்தியார்
26 வருடம் இதில் இருந்துவிட்டேன். பினாமினாலஜி நடத்தக் கிடைத்தது வருடத்துக்கு ஒரு பருவம், அதுவும் ஆள் சேர்ந்தால். மற்றபடி முதலாண்டுக்குத் தர்க்கம், அறவியல், அப்புறம் விடைத்தாள் கட்டுகள். முதல் 7 வருடம் மணிக்கணக்குச் சம்பளம். ஓரிடத்தில் பருவம் தொடங்க மூன்று நாள் இருக்கும்போது "உங்களுக்கு வகுப்பு இல்லை" என்றார்கள். பாடக்குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தேன்.

ஹுஸ்ஸர்லுக்கே அப்படித்தான். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1887 முதல் 1901 வரை, 14 வருடம், ஜெர்மனியில் ஹாலே பல்கலைக்கழகத்தில் நிரந்தர இடமில்லாமல் பாடம் நடத்தினார். அவருடைய மாணவி எடித் ஸ்டைன் கதை இன்னும் மோசம். 1916இல் பட்டம் வாங்கி அவருக்கே உதவியாளராகி, அவருடைய சுருக்கெழுத்துக் கையெழுத்துப் படிகளைப் படித்து ஒழுங்குபடுத்தினார். பெண் என்பதால் பேராசிரியர் பதவிக்கான கதவு திறக்கவில்லை.

ஜெர்மன் கட்டாயம் வேண்டும். நாம் 'உடல்' என்று ஒரே சொல்லில் முடிப்பதை ஹுஸ்ஸர்ல் 'லைப்', 'கெர்பர்' என்று பிரிக்கிறார். முதலாவது உள்ளிருந்து நான் உணரும் உடல். இரண்டாவது தராசில் நிற்கும் உடல். மொழிபெயர்ப்பில் இது கலங்கினால் பாதிப் புத்தகம் போச்சு.

இத்தனைக்கும் ஏன் விடவில்லை என்றால், ஒரு அட்டைப்பெட்டிதான் காரணம். பின்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு முன்பக்கம் தெரியும்படி மேசையில் வைப்பேன். "என்ன தெரிகிறது?" "பெட்டி." கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிவிட்டுத் திருப்புவேன். ஒரு "அட!" வரும். "ஏன் அட? பின்பக்கத்தைத்தான் நீங்கள் பார்க்கவே இல்லையே?" என்பேன். வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். கண்ணுக்குப் படாத பக்கத்தையும் சேர்த்துத்தான் 'பெட்டி' என்று பார்த்திருக்கிறோம் என்பது அந்த அமைதியில் புரியும். ஒவ்வொரு வருடமும் பழைய பெட்டியையே கொண்டு போனேன், ஓரமெல்லாம் நைந்துவிட்டது.

பதில் – இரவுப்பணி
நான் செவிலியர் ஆய்வில் இருக்கிறேன். வாத்தியார் தத்துவத் துறையை மட்டும் சொல்கிறார். எங்கள் பக்கம் பினாமினாலஜி முறையில் நேர்காணல் எடுத்து ஆய்வு செய்வது சகஜம். நாள்பட்ட வலியோடு இருப்பது எப்படி இருக்கிறது என்பதை நோயாளியின் வாய்மொழியிலிருந்தே எடுப்போம். வேலை வாய்ப்பும் உண்டு. ஆனால் பலர் நான்கு நேர்காணல் எடுத்துவிட்டு ஹுஸ்ஸர்ல் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். மூலத்தைப் படித்த ஆள் வந்தால் எங்களுக்கு நல்லது.

விளிம்பு
இருவருக்கும் நன்றி. ஐயா, என் ஆய்வுத் தலைப்பு 'நவீன மனிதனின் கால உணர்வு'. சரியாக வருமா?

பழைய வாத்தியார்
வராது. மாணவர்கள் பெரிய பெரிய வார்த்தைகளை அடுக்கினால் ஹுஸ்ஸர்ல் பெரிய நோட்டு வேண்டாம், சில்லறை கொடுங்கள் என்பாராம். உங்களுடையது பெரிய நோட்டு. தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்தால் 'நவீன', 'மனிதன்' இரண்டையும் நானே அடித்திருப்பேன். இரவுப்பணி சொன்னதையே பிடியுங்கள். பரிசோதனை முடிவுக்காக வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஒரு மணி நேரம் எப்படி நகர்கிறது? கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் என்ன ஆகிறது? இரண்டு பக்கம் எழுதி இங்கேயே போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.

இரவுப்பணி
கதவு மட்டுமில்லை சார், செருப்புச் சத்தம். யாருடைய நடை என்று பழகிவிடும் அவர்களுக்கு.