‘த/பெ’ என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது?

முதுகலை வரலாற்றில் எங்களுக்கு வாய்மொழி வரலாறு ஒரு பாடம். அதற்கு எடுத்த பேட்டிகளைப் பற்றி நாங்கள் மூன்று பேர் இங்கே ஆளுக்கொரு பகுதியாக எழுதுகிறோம். அதற்காக நானும் என் வகுப்புத் தோழியும் விழுப்புரம் பக்கம் ஒரு மூத்த திருநங்கையைப் பார்க்கப் போனோம். அறுபதைத் தாண்டியவர். அம்மா என்றுதான் கூப்பிட்டோம். டீ கொடுத்துவிட்டு, “என்ன கண்ணு கேக்கணும், கேளுங்க” என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பதிவைத் தொடங்கும் முன் ஒப்புதல் படிவம். பெயர், வயது, முகவரி, அடுத்து த/பெ. எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவரின் விரல் அங்கே நின்றுவிட்டது. “பதினாறு வயசுல அந்த வீட்ட விட்டு வந்தேன். அவரு பேரு இப்ப எதுக்கு?”

எங்களிடம் பதில் இல்லை. தோழி ‘த/பெ’யை அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘குரு’ என்று எழுதினாள். புதிதாக வருபவரைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்ளும் மூத்த திருநங்கைதான் குரு. அம்மா முகம் மலர்ந்துவிட்டது. குருவின் பெயரை எழுதியவர், குருவுக்குக் குருவான நானியின் பெயரையும் சேர்த்து எழுதினார். வாக்காளர் பட்டியலில் சேருவதற்கான படிவம் 6-லேயே மூன்றாம் பாலினத்தவர் குருவின் பெயரைத் தரலாம் என்று இருப்பதைப் பிறகுதான் பார்த்தேன். வரலாறு படிக்கும் நாங்கள் அதை முன்பே யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் கேள்விகள் எல்லாம் வருடங்களைச் சுற்றியே இருந்தன. 2008-ல் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கான நலவாரியம், 2014-ல் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இப்படி. அம்மா வருடமே சொல்லவில்லை. “குரு போனதுக்கு அடுத்த கூவாகம்” என்பார். “பம்பாய்ல இருந்து திரும்பி வந்த கூவாகம்” என்பார். கூவாகம் என்ற ஊரில் சித்திரைத் திருவிழாவின்போது கூத்தாண்டவர் கோயிலில் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து வெள்ளைச் சேலை உடுத்தியதுதான் அவருக்குக் கால அளவு. எந்தக் கூவாகத்துக்கு யாரோடு போனார், எந்த வருடம் யார் வரவில்லை என்பதெல்லாம் அப்படியே மனதில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அந்தக் கூவாகங்களை வரிசையாக எழுதிய பிறகுதான் அவர் வாழ்க்கையின் கால வரிசையே எங்களுக்குப் பிடிபட்டது.

நிர்வாணம், அதாவது ஆணுறுப்பை நீக்கும் அறுவை, செய்துகொண்டதைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். அதுவும் அறுவையைப் பற்றி இல்லை, அதற்குப் பிறகான நாற்பது நாளைப் பற்றி. கண்ணாடி பார்க்கக் கூடாது, தலை வாரக் கூடாது. ஜமாத்தில், அதாவது திருநங்கைகளின் குழுவில், மூத்தவர்கள்தான் ஊட்டிவிட்டு, வெந்நீர் வைத்துப் பார்த்துக்கொண்டார்களாம். நாற்பதாம் நாள் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, பால் ஊற்றும் சடங்கு. அப்புறம்தான் கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். “என்ன தெரிஞ்சுதும்மா?” என்று கேட்டுவிட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பதிவில் அந்த இடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் இருக்கிறது. எழுத்தாக்கத்தில் ‘மௌனம்’ என்று போட்டு, எத்தனை நொடி என்றும் குறித்திருக்கிறேன்.

* * *

இரண்டாவதாக எழுதும் நான் சென்னை. நான் பேட்டி எடுத்தவர் ஓய்வுபெற்ற ஓர் அரசு ஊழியர், தன்பாலீர்ப்பாளர். குரலைப் பதிவு செய்யக் கூடாது, கையால் மட்டும் எழுதிக்கொள் என்றார். சரி என்றேன். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவு 1860-ல் வந்த சட்டம். வயதுவந்தோர் ஒப்புதலோடு கொள்ளும் தன்பாலுறவு குற்றமில்லை என்ற உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதித் தீர்ப்பைப் பற்றி நிறையச் சொல்வார் என்று நினைத்துப் போனேன். அவர் மனதில் தங்கியிருந்த நாள் வேறு.

2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவைத் தளர்த்திய தைரியத்தில்தான் அக்காவிடம் முதன்முதலாகத் தன்னைப் பற்றிச் சொன்னாராம். அக்கா அழுதார், பிறகு ஏற்றுக்கொண்டார். 2013 டிசம்பர் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அன்று மாலை அக்கா போன் செய்து, “தம்பி, உன்னப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்களா?” என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது அவர் கை நடுங்கியது. நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

அக்கா இன்னும் இருக்கிறார். இருவரும் உயிரோடு இருக்கும்வரை அந்தக் குறிப்புகளை யாருக்கும் காட்டக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. இங்கே இவ்வளவு சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

* * *

மூன்றாவதாக எழுதும் நானும் எழுத்தாக்கம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மதுரையில் நான் பேட்டி எடுத்த அம்மா, அவரும் ஒரு திருநங்கை, எழுபதுகளில் தெருவில் தன்னை ‘அலி’ என்று கூப்பிட்டதாகச் சொல்லியிருந்தார். அது புண்படுத்தும் சொல் என்பதால் எல்லா இடத்திலும் ‘திருநங்கை’ என்று மாற்றித் தட்டச்சு செய்துவிட்டேன். படித்துக் காட்டியபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

“அந்தக் காலத்துல யாரு என்ன திருநங்கைன்னு கூப்பிட்டா? அப்படிக் கூப்பிட்டிருந்தா நான் ஏன் பள்ளிக்கூடத்த விட்டு நிக்கப்போறேன்?”

அவர் சொன்னது சரி. ‘திருநங்கை’ என்ற சொல் பரவலானதே 2000-க்குப் பிறகுதான். அதற்கு முன்பு மரியாதையாகச் சொன்னவர்கள் ‘அரவாணி’ என்றார்கள். நல்லது செய்வதாக நினைத்து, அவர் பட்ட அவமானத்தையே நான் அழித்திருக்கிறேன்.

எல்லா இடத்திலும் பழைய சொல்லைத் திரும்பப் போட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “இப்பச் சரி. உன் மெஷினப் போடு, பள்ளிக்கூடத்துல என்ன நடந்துதுன்னு சொல்றேன்” என்றார். முதல் பேட்டியில் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.