“ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டணும்”: வீட்டில் அது நடக்கிறதா? தீசிஸுக்கு யோசனை வேண்டும்

இரவல்தூக்கம்:

வணக்கம். எட்டு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு இப்போது எம்.எஸ்ஸி. நர்சிங் இரண்டாம் வருடம். தீசிஸ் தலைப்பை இந்த மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். கைடு மேடம் சொல்வது: பக்கவாத நோயாளிகளின் அட்டெண்டர்களுக்குப் படுக்கைப் புண் தடுப்பு பற்றி ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் ப்ரோகிராம், 60 சாம்பிள், ப்ரீ டெஸ்ட், போஸ்ட் டெஸ்ட். சொல்லிக்கொடுத்த ஏழாம் நாள் அதே கேள்வித்தாளைக் கொடுத்தால் மார்க் ஏறத்தான் செய்யும். ஏறாமல் எங்கே போகும்? அதுதான் எனக்கு உறுத்துகிறது.

போன வருடம் எங்கள் வார்டில் ஒரு பாட்டி இருந்தார். வயது 71, வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை, பதினைந்து வருட சுகர். பதினெட்டு நாள் கழித்து டிஸ்சார்ஜ் ஆனபோது முதுகில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. மருமகளை உட்காரவைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது உட்பட எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னாள்.

டிஸ்சார்ஜ் ஆன இருபத்திரண்டாம் நாள் திரும்பி வந்தார்கள். வால் எலும்பின் மேல் என் உள்ளங்கை அகலத்துக்குப் புண், நடுவில் கறுப்பு. ரவுண்ட்ஸில் டாக்டர் “வீட்டுல பார்க்கவே மாட்டீங்களா?” என்று கேட்டார். அவர் முந்திக்கொண்டார், அவ்வளவுதான். நானும் அதைத்தான் கேட்க இருந்தேன்.

அன்று நைட் டியூட்டியில் அந்தப் பெண்ணே பேசினாள். புருஷன் லாரி டிரைவர், லோடு ஏற்றினால் நாலு நாள் வரமாட்டார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. விடிகாலை ஐந்தரைக்குத் தண்ணீர் பிடிக்க எழ வேண்டும். போனில் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று அலாரம் வைத்திருக்கிறாள். மூன்றாம் ராத்திரி அலாரம் அடித்ததே தெரியவில்லை. “அஞ்சாவது நாள்ல இருந்து அலாரமே வைக்கல சிஸ்டர், புள்ளைக முழிச்சுக்கிடுதுக.” இவளுக்கு நான் போஸ்ட் டெஸ்ட் வைத்திருந்தால் இருபதுக்குப் பதினெட்டு வாங்கியிருப்பாள்.

அதனால் கேட்கிறேன். இந்த இரண்டு மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது, யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா? அறிவு மார்க் தவிர, 60 வீட்டில் ஒருத்தியாகப் போய் வேறு என்ன அளக்க முடியும்?

வெள்ளைத்தொப்பி_ஓய்வு:

தங்கச்சி, முப்பத்தொரு வருடம் வார்டும் வகுப்புமாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் காலத்தில் படுக்கைப் புண் தடுப்பு என்றால் ஸ்பிரிட்டும் பவுடரும். காலையில் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போய், உள்ளங்கையில் ஸ்பிரிட்டை ஊற்றி, எலும்பு துருத்தும் இடமாகப் பார்த்து அழுத்தித் தேய்ப்போம். எவ்வளவு தேய்க்கிறோமோ அவ்வளவு நல்ல நர்ஸ். ஸ்பிரிட் தோலை வறட்டும், தேய்ப்பது ஏற்கெனவே நசுங்கிய சதையை இன்னும் கெடுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்குக் கீழே வைப்போமே, அதுவும் கூடாதாம். கெண்டைக்கால் முழுவதும் தலையணைமேல் கிடக்க வேண்டும், குதிகால் எதன்மேலும் படாமல் நிற்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், டோரீன் நார்ட்டன் என்ற இங்கிலாந்து நர்ஸ் லண்டனில் முதியோர் வார்டில் ஆய்வு செய்து, பூச்சும் தேய்ப்பும் பலன் தராது, புரட்டிப் படுக்கவைப்பதுதான் காப்பாற்றும் என்று 1962லேயே எழுதிவிட்டார். அது எங்கள் ட்ராலிக்கு வந்து சேரவேயில்லை.

இரண்டு மணிக் கணக்குக்கு வேர் இன்னும் பழையது. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில்லில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர், போரில் முதுகுத்தண்டு அடிபட்ட சிப்பாய்களை ராப்பகலாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டவைத்தார். அங்கே ஷிஃப்டுக்கு ஷிஃப்டு ஆள் இருந்தது. உன் மருமகளுக்கு யார் இருக்கிறார்கள்?

இப்போது உனக்கு வேண்டியது. படுக்கைப் புண் வரும் அபாயத்துக்கு மார்க் போடும் பிரேடன் ஸ்கேல் போடுகிறாய் இல்லையா, மார்க் குறையக் குறைய அபாயம் கூடும் என்று, அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் நான்சி பெர்க்ஸ்ட்ராம். அவரும் கூட்டாளிகளும் அமெரிக்கா, கனடா முதியோர் இல்லங்களில் 942 பேரை 2, 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டல் என்று மூன்று குழுவாகப் பிரித்து மூன்று வாரம் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். புண் வந்தது மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு. மூன்று குழுவுக்கும் இடையே சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

அயர்லாந்தில் ஜீனா மூர் செய்தது எனக்கு இன்னும் பிடித்தது, ஏனென்றால் அது ராத்திரிக் கணக்கு. 213 முதியவர்கள். ஒரு குழுவுக்கு வழக்கம்போல ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை முழுப் பக்கவாட்டில் திருப்பல். இன்னொரு குழுவுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, 30 டிகிரி சாய்ப்பு மட்டும். முதல் குழுவில் 11 சதவீதம் பேருக்குப் புண், இரண்டாவதில் 3. முழுக்க ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பெலும்பின் முனை மெத்தையில் குத்தும். 30 டிகிரி என்றால் ஒரு பக்கப் பிட்டத்துக்குக் கீழே தலையணையைச் செருகிச் சாய்ப்பது, அவ்வளவுதான். வால் எலும்புக்குக் கீழே உன் கையை விட்டுப் பார், தாராளமாகப் போய்வந்தால் சரி. இதற்கு ஆளை எழுப்பவே வேண்டியதில்லை.

நைட்_ஷிஃப்ட்_72:

மேடம் சொன்னதில் ஒரு திருத்தம், கோபிக்க வேண்டாம். 942 பேர் ஆய்வில் எல்லோரும் நல்ல அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்தவர்கள். பிரேடன் மார்க் 10க்குக் கீழே இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. நம் ஊரில் தொய்ந்துபோன கயிற்றுக் கட்டிலில், ரெக்சின் ஷீட்டின்மேல், மே மாத வேர்வையில் கிடப்பவரிடம் “நாலு மணி நேரம் பரவாயில்லை” என்று சொன்னால் நாலு நாளில் வார்டுக்கு வந்துவிடுவார். முதலில் மெத்தை, அப்புறம் மணிக்கணக்கு.

இன்னொன்று, ட்யூப் ஃபீடிங், அதாவது குழாய் வழியாக உணவு கொடுப்பது. புரையேறாமல் இருக்க நாமே தலைமாட்டை உயர்த்தச் சொல்கிறோம். உயர்த்தினால் ஆள் மெல்லச் சறுக்குவார். தோல் ஷீட்டோடு ஒட்டிக்கொள்ளும், எலும்பு மட்டும் கீழே நகரும், உள்ளே ரத்தக்குழாய் முறுக்கிக்கொள்ளும். ஃபீட் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துத் தலைமாட்டைக் கொஞ்சம் இறக்குங்கள் என்று டிஸ்சார்ஜ் நேரத்தில் எத்தனை பேர் சொல்கிறோம்? நான் சொன்னதில்லை.

கடைக்குட்டி_கோவில்பட்டி:

நான் நர்ஸ் இல்லை. அப்பாவுக்கு பார்க்கின்சன், மூன்றரை வருடமாகப் படுக்கை. உங்கள் கதையில் அந்த மருமகள் இருக்கிறாரே, நான்தான் அது, மீசையோடு.

ஆஸ்பத்திரியில் “தோல் சிவந்தா உடனே வாங்க” என்றார்கள். அப்பா நல்ல கறுப்பு. எங்கே சிவக்கும்? நான் டார்ச் அடித்துச் சிவப்பைத் தேடிக்கொண்டே இருந்தேன், ஒரு நாள் தோல் உரிந்து வந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் நர்ஸ் அக்காதான் சொன்னார்: “கண்ணை நம்பாதீங்க தம்பி, புறங்கையை வைச்சுப் பாருங்க.” பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கல் மாதிரி கெட்டியாக இருக்கிறதா, இல்லை மாவு மாதிரி கொழகொழ என்று இருக்கிறதா. இப்போது குளிப்பாட்டும்போது கை தானாகவே போய்விடும்.

அலாரம் எங்களுக்கும் ஒத்துவரவில்லை. வீட்டில் எப்படியும் யாராவது முழித்திருக்கும் நேரத்தோடு கட்டிவிட்டோம். படுக்கப்போகும்முன் பத்தரைக்கு ஒன்று. அம்மாவுக்கு சுகர், எப்படியும் இரண்டு மணி வாக்கில் பாத்ரூம் போக எழுவார், அப்போது ஒன்று. அஞ்சரைக்குப் பால்காரர் மணி. ஃபோம் மெத்தை போட்டபிறகு இது போதுமானதாக இருக்கிறது. புரட்டுவதற்கு அம்மாவின் பழைய சேலைதான்.

சாம்பிள்_சைஸ்:

சுருக்கமாகச் சொல்கிறேன். புண் வந்ததா இல்லையா என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். நூற்றுக்கு இரண்டு என்றால் 60 பேரில் ஒருவர். நம் வீடுகளில் கூடுதலாகவே இருக்கும்தான், ஆனாலும் 30, 30 என்று பிரித்தால் வரும் வித்தியாசத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. செயலை அளந்து பாருங்கள். சொல்லாமல் ஒரு நாள் வீட்டுக்குப் போகும்போது குதிகால் மெத்தையில் படுகிறதா? சாய்ப்பு சரியாக இருக்கிறதா? நேற்று ராத்திரி எத்தனை முறை புரட்டினார்கள்? அட்டெண்டர் எத்தனை மணி நேரம் தூங்கினார்? இந்தக் கடைசிக் கேள்வியைத் தீசிஸில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எத்திக்ஸ் கமிட்டி கட்டாயம் கேட்கும்: வீட்டில் புண்ணைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்? குறித்துக்கொண்டு வந்துவிட முடியாது. எந்தக் குழுவாக இருந்தாலும் அன்றே சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். அதை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

வெள்ளைத்தொப்பி_ஓய்வு:

வீட்டுக்குப் போவதற்கே தனி ஆதாரம் இருக்கிறது, கைடிடம் காட்டு. பிலடெல்ஃபியாவில் மேரி நெய்லர், 1999. வயதான நோயாளிகள் 363 பேர். ஒரு பாதிக்கு டிஸ்சார்ஜுக்குப் பிறகும் அதே நர்ஸ் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். 24 வாரத்துக்குள் திரும்ப அட்மிட் ஆனவர்கள் இந்தப் பக்கம் 20 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 37. அங்கே போனவர்கள் கூடுதல் பயிற்சி பெற்ற நர்ஸ்கள், அதையும் சேர்த்தே சொல். பாட்டி இப்போது எப்படி இருக்கிறார்?

இரவல்தூக்கம்:

பாட்டி தை மாதம் தவறிவிட்டார், நெஞ்சுச் சளி. புண் பாதிக்குமேல் மூடியிருந்தது. டிரெஸ்ஸிங் செய்யும்போதெல்லாம் அந்தப் பெண் எனக்குப் போட்டோ அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கைடு மேடத்திடம் இன்று பேசினேன். முதலில் முகம் சுளித்தார், “வீடு வீடா அலைவியா?” என்றார். 40 வீடு, டிஸ்சார்ஜுக்குப் பின் மூன்று முறை போவது, ராத்திரிக்கு இரண்டு முறை 30 டிகிரி சாய்ப்பு, யார் எப்போது முழித்திருப்பார்கள் என்று அந்தந்த வீட்டிலேயே உட்கார்ந்து போடும் அட்டவணை. வீட்டில் ஃபோம் மெத்தை இருக்கும் நோயாளிகள் மட்டும், பிரேடன் 10க்குக் கீழே உள்ளவர்கள் வேண்டாம் என்றும் எழுதிவிட்டேன். அட்டெண்டர் தூக்கத்தைச் சேர்க்கலாமா என்று யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். ப்ரீ டெஸ்ட், போஸ்ட் டெஸ்ட்டையும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். சரி, அதுவும் ஒரு ஓரமாக இருக்கட்டும்.

கடைக்குட்டி அண்ணா, அந்தச் சேலையை எப்படி மடிக்கிறீர்கள்? ஆளைப் புரட்ட வார்டில் குறுக்கே விரிக்கும் ட்ரா ஷீட் எல்லா வீட்டிலும் கிடைக்காது.

கடைக்குட்டி_கோவில்பட்டி:

காட்டன் சேலைதான், நைலக்ஸ் ஆகாது. நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை வருகிற மாதிரி குறுக்கே விரியுங்கள். ஃபால்ஸ் தைத்த கரை முதுகுக்குக் கீழே வந்துவிடக் கூடாது, ஒரே ராத்திரியில் தடம் விழுந்துவிடும். ஒற்றை ஆள் என்றால் எந்தப் பக்கம் சாய்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் நில்லுங்கள். எதிர்ப்பக்க ஓரத்தை எட்டிப் பிடித்து, கையில் இரண்டு சுற்று சுற்றி, உங்கள் பக்கமாக மேல்நோக்கி இழுங்கள். ஆள் சாய்ந்ததும் மற்ற கையால் முதுகுப் பக்கம் தலையணையைச் செருகுங்கள். மேலே தள்ளிப் படுக்கவைக்க மட்டும் கட்டாயம் இரண்டு பேர் வேண்டும், தூக்கத்தான் வேண்டும், இழுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அதற்குப் பால்காரர் வரும்வரை காத்திருப்போம்.