சொந்த நாட்டில் ஆள் இல்லாமலா வெளிநாட்டு இளவரசரை அரசராக்கினார்கள்?

கேள்வி:
கிரீஸுக்குத் தென் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து ஒருவர், அவருக்குப் பிறகு ஒரு டென்மார்க்காரர். பெல்ஜியம், ருமேனியா, பல்கேரியா மூன்றுக்கும் ஜெர்மானிய இளவரசர்கள். படையெடுத்து வந்தவர்கள் இல்லை, கூப்பிட்டு உட்கார வைக்கப்பட்டவர்கள். விடுதலை வாங்கிய கையோடு மணிமுடியை அயலாருக்குக் கொடுப்பானேன்? யார் தேர்ந்தெடுத்தார்கள், யார் ஒப்புதல் தந்தார்கள்?

பதில் 1:
ஆள் இல்லாததல்ல, ஆள் அதிகமாக இருந்ததே சிக்கல். 1831-இல் கிரீஸின் ஆளுநர் கபோதிஸ்திரியாஸை நாஃப்பிலியோவில் தேவாலய வாசலில் வைத்துக் கொன்றவர்கள் மவ்ரோமிகாலிஸ் குடும்பத்தினர். உள்ளூர்ப் பெருங்குடும்பம் ஒன்று அரியணை ஏறினால் மற்றவை சும்மா இருக்காது. வெளியாளுக்குக் கோஷ்டி கிடையாது.

இன்னொரு பக்கம் வல்லரசுகள். அங்கீகாரமும் கடனும் அவர்கள் கையில். ஒருவர் வீட்டுப் பிள்ளையை மற்றவர் ஒத்துக்கொள்ள மாட்டார். பெல்ஜியத்தின் தேசிய காங்கிரஸ் (மக்கள் பிரதிநிதிகளின் மன்றம்) 1831 பிப்ரவரியில் பிரெஞ்சு அரசரின் மகன் நெமூர் கோமகனைத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டன் எதிர்த்ததால் தகப்பனாரே வேண்டாமென்று சொல்லிவிட்டார். ஜூன் 4-இல் 196 வாக்குகளில் 152 பெற்றவர் சாக்ஸ்-கோபர்க் என்ற சிறிய ஜெர்மானிய நாட்டின் இளவரசர் லியோபோல்ட். பெரிய வம்சம், சின்ன நாடு: அதுதான் தகுதி. இதே லியோபோல்ட் முந்தைய ஆண்டு கிரேக்க அரியணையை மறுத்தவர். பெல்ஜியத்திடமும் எல்லை விவகாரத்தைப் பேசி முடித்த பிறகே கிளம்பினார்.

பதில் 2:
மக்கள் வாக்கெடுப்பை ரொம்ப நம்ப வேண்டாம். முதல் அரசர் ஓட்டோவை வெளியேற்றிய 1862-இல் கிரேக்கர்கள் பிரிட்டிஷ் அரசி விக்டோரியாவின் மகன் ஆல்ஃபிரெடுக்கு 2,30,016 வாக்குகளை அள்ளிக் கொடுத்தார்கள். பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகிய மூன்று வல்லரசுகளின் அரச குடும்பத்தார் வரக்கூடாது என்ற பழைய லண்டன் உடன்பாடு குறுக்கே நின்றது. கடைசியில் முதலாம் ஜார்ஜ் ஆனவர் 17 வயது டேனிஷ் இளவரசர் வில்லியம். அவருக்கு விழுந்த வாக்குகள்: 6!

ருமேனியா தலைகீழ். வல்லரசுகளின் சம்மதத்துக்குக் காத்திராமல் 1866-இல் வாக்கெடுப்பை நடத்தி ஆளையும் வரவழைத்துவிட்டது. அப்படி வந்த கார்ல் பிரஷ்யப் படை அதிகாரி. வழியில் ஆஸ்திரியா, அதற்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூளும் நேரம். ஹெட்டிங்கன் என்ற பெயரில் பாஸ்போர்ட், இரண்டாம் வகுப்பு ரயில் பெட்டி, பிறகு டான்யூபில் நீராவிப் படகு. ருமேனியத் துறைமுகமான துர்னு செவெரினில் கரையேறியதும்தான் அவர் இளவரசர்.

பதில் 3:
இந்த ஏற்பாடு எங்கே கவிழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது மதம். கிரேக்கர்கள் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள்; அரசர் ஓட்டோ கத்தோலிக்கர், பிள்ளையும் இல்லை. கூடவே அவர் வயதுக்கு வரும்வரை ஆள மூன்று பவேரியப் பிரதிநிதி ஆட்சியாளர்கள், சுமார் 3,500 பவேரியப் படையினர், 6 கோடி ஃபிராங்க் கடன். 1862-இல் வெளியேற்றினார்கள். ஜார்ஜ் லூத்தரனாகவே (புராட்டஸ்டன்டாகவே) இருந்தார், பிள்ளைகளை மட்டும் ஆர்த்தடாக்ஸாக வளர்த்தார். அது போதுமாக இருந்தது. பல்கேரியாவின் ஃபெர்டினாண்ட் 1887-இல் தேர்வானார். வாரிசு போரிஸை ஆர்த்தடாக்ஸுக்கு மாற்றிய 1896-இல்தான் ரஷ்யா அங்கீகரித்தது.

அடுத்தது, அழைத்தவர் ஒரே ஆளாக இருப்பது. ஸ்பெயினுக்கு இத்தாலிய இளவரசர் அமடேயோவைக் கொண்டுவந்தவர் ஜெனரல் பிரிம். அமடேயோ ஸ்பெயின் துறைமுகமான கார்த்தகேனாவில் இறங்கிய 1870 டிசம்பர் 30 அன்றே, சுடப்பட்டிருந்த பிரிம் இறந்துபோனார். 1873 பிப்ரவரியில் அமடேயோ முடி துறந்தார்.

இதில் கெட்டிக்காரர் நார்வேக்கு வந்த டேனிஷ் இளவரசர் கார்ல்தான். 1905-இல் நாடாளுமன்றம் கூப்பிட்டும், முதலில் மக்களைக் கேளுங்கள் என்றார். 2,59,563 பேர் ஆம், 69,264 பேர் இல்லை. அதன்பின் ஹாக்கோன் என்ற பழைய நார்வே அரசர்களின் பெயரைச் சூடினார். இரண்டு வயது மகன் அலெக்சாண்டர், ஓலாவ் ஆனான்.