மறுமொழி: ‘வெதர்புறூஃபிங்’ – ஒரு சொல்லா, மூன்று சொற்களா?

அன்பு நண்பர்களுக்கு,

கதவு, நிலை போன்றவற்றை மழையும் வெயிலும் கெடுக்காமல் காக்கிற வேலையை ஆங்கிலத்தில் ‘வெதர்புறூஃபிங்’ (weatherproofing) என்கிறார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் கேட்டிருந்த சொல்லுக்கு வந்த ‘காலநிலைத் தடுப்பு’ என்ற பரிந்துரைக்கு என் ஆதரவு இல்லை. காலநிலை என்பது ஓரிடத்தின் பல்லாண்டுப் போக்கு. கதவை நனைப்பது அன்றன்றைய வானிலை. கொழும்பு நண்பர் அதைத் திருத்தி ‘வானிலைபுகா’ என்றார். ‘நீர்புகா’ என்பதில் பொருள் இருக்கிறது, ஏனென்றால் நீர் புகும். வானிலை எப்படிப் புகும்?

எங்கள் வீட்டுத் தலைவாசல் கிழக்குப் பார்த்தது. முன்னால் திண்ணை கிடையாது, தாவாரமும் ஒரு முழந்தான். ஐப்பசியில் வாடை எழும்பினால் தூவானம் நேரே பலகையில் அடிக்கும். மழை விட்டால் காலை வெயில். சென்ற கார்த்திகையில் கதவு ஊதி நிலையோடு இறுகிவிட்டது. தோளால் இடித்துத்தான் திறந்தோம். ஓடாவி (தச்சர்) வந்து கதவைக் கழற்றி, இரண்டு வாங்குகளின் மேல் கிடத்தி, அடிவிளிம்பைப் பெருவிரலால் அழுத்தினார். நகம் உள்ளே போய்விட்டது. முகப்புக்கு மூன்று பூச்சு வார்னிஷ் அடித்த நான், கண்ணுக்குத் தெரியாத அடிவிளிம்பை வெறுமனே விட்டிருந்தேன். கதவின் இரு ஓரத்திலும் நிமிர்ந்து நிற்கும் நெடுஞ்சட்டங்களின் நார்கள் அங்கேதான் வெட்டுவாயாக முடிகின்றன. மரம் பக்கவாட்டில் குடிப்பதைவிட அந்த வாயால் பல மடங்கு வேகமாக நீர் குடிக்கும்.

முகப்பின் சேதம் வேறு வகை. தெளிந்த வார்னிஷை ஊடுருவும் புறஊதாக் கதிர் மரத்தின் மேற்பரப்பில் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது. பிடிமானம் போனதும் வார்னிஷ் தோலுரிகிறது. ஆகவே மழையை மட்டும் சொல்கிற பெயர் பாதிப் பெயர். நாம் எப்போதும் ‘மழைவெயில் படாமல் வை’ என்றுதானே சொல்கிறோம்? பொதுச்சொல்லாக ‘மழைவெயிற்காப்பு’ என்பதை முன்வைக்கிறேன். (சிட்னி நண்பர் ‘காப்பு’ என்றால் கைக்காப்பு நினைவுக்கு வருகிறது என்றார். கந்தசட்டிக்குக் காப்புக் கட்டுகிற ஊரில் அது ஒரு குறையே அல்ல.)

இனி உட்பிரிவுகள். நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பை அடைப்பதற்கு ‘இடைவெளி நிரப்பல்’ என்று எழுதியிருந்தீர்கள். புதிதாக ஆக்க வேண்டியதில்லை, ‘கலப்பற்று’ இருக்கிறது. மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் பஞ்சையும் கயிற்றுநாரையும் உளியால் அடித்துச் செருகி, குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசுகிற வேலை அது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938 இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த ‘அன்னபூரணி’யைப் போன்ற பாய்க்கப்பல்கள் இந்த வேலையை நம்பித்தான் மிதந்தன. சிலிக்கோன் வந்துவிட்டதால் சொல் பழசாகிவிட்டது என்பதை நான் ஏற்கவில்லை. பண்டம்தான் மாறியது.

ஆனால் கதவுக்கும் நிலைக்கும் இடையிலுள்ள இடுக்குக்குக் கலப்பற்று பொருந்தாது. அங்கே அடைத்துவிட்டால் கதவு திறக்காது. ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள்தான்.

அடுத்து, கதவின் அடியில் வெளிப்பக்கம் நீட்டியபடி பொருத்தும் சரிவுக்கட்டை. அதன் சூட்சுமம் சரிவில் இல்லை, அடிப்பக்கத்தில் ஓடும் மெல்லிய காடியில் (பள்ளக்கோட்டில்) இருக்கிறது. காடி இல்லாவிட்டால் நீர் கட்டையின் அடியைப் பற்றிக்கொண்டே உள்ளே ஊர்ந்து வாசற்படிக்கு வந்துவிடும். காடியின் விளிம்பில் அது முறிந்து சொட்டாக விழுகிறது. அந்தக் காடிக்கு ‘நீர்முறி’ என்று பெயரிடலாம். ‘சிறுகொடுங்கை’ என்றும் யோசித்தேன். கோயில் விமானத்தின் வளைந்த கூரைவிளிம்புக்குரிய சொல்லை வீட்டுக் கதவின் காலடியில் வைக்க மனம் வரவில்லை.

மிஞ்சியது, கதவுக்கும் நிலைக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஒட்டுகிற மெத்தைப் பட்டி. ‘இடுக்குப்பட்டி’ என்று எழுதிப் பார்த்தேன், ஓடாவியிடமும் சொன்னேன். ‘றப்பரைத்தானே சொல்கிறீர்கள்?’ என்று கேட்டார். கடையிலும் அதே பெயர்தான். யாரிடமாவது இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். கதவு இன்னும் வாங்கில்தான் கிடக்கிறது.